ருசி பார்க்கும் தட்டு

இப்போதெல்லாம் வேலையை விட்டுப் போகிறவன் வாயை மூடிக்கொண்டு போவதில்லை. அதற்கொரு மேடை, ஒரு மைக், கைதட்ட நூறு பேர். இப்படி முணுமுணுத்துக்கொண்டேதான் பழைய வார்டர் சிறைச் சமையல்கட்டுக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கு முன் நாற்காலியின் கால்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டார். பணியில் இருந்தபோது பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். 'பூட்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மாநிலச் சிறைகளுக்கெல்லாம் தலைவரான அதிகாரிக்கு இன்று கடைசி நாள். முதன்முதலில் வேலை பார்த்த இந்தச் சிறைக்கே வந்திருந்தார். கைதிகளுக்குப் பரிமாறும் முன் அதிகாரி சாப்பாட்டை ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதியை இங்கேதான் ஆரம்பித்தார். அதுவே அவரை மளமளவென்று மேலே ஏற்றியது. இன்று எல்லாச் சிறைகளிலும் அந்த விதிதான்.

"முப்பத்து நாலு வருஷம். என் தட்டுல விழுந்ததுதான் அவங்க தட்டுலயும் விழுந்துச்சு," என்றார் மைக்கில். "முதல் தட்டைக் கொண்டுவந்தவர் இதோ உட்கார்ந்திருக்கார்."

கைதட்டினார்கள். பூட்டு தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசித் தட்டை ஏந்தி வந்தவர் பூட்டின் மாப்பிள்ளை. இப்போது சமையல்கட்டு அவர் பொறுப்பு. தட்டில் கெட்டியான பருப்பு, மேலே எண்ணெய் மினுக்கம். அதிகாரிக்கென்று தனியாக ஆக்கும் சின்னப் பானை எந்த அடுப்பில் இருந்திருக்கும் என்று கிழவருக்குத் தெரியாதா?

"மாமா, வாயத் திறந்துடாதீங்க," என்று மாப்பிள்ளை போகிற போக்கில் கிசுகிசுத்தார். "எனக்கு இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் இருக்கு."

அதிகாரி கரண்டியை எடுத்தார்.

"ஐயா, அத வெச்சுட்டுப் போய் வரிசைல கடைசியா நில்லுங்க," என்றார் பூட்டு.

அதிகாரி கிழவரையே பார்த்தார். பிறகு ஒரு காலித் தட்டை எடுத்துக்கொண்டு கைதிகளுக்குப் பின்னால் போய் நின்றார். அவர் முறை வந்தபோது தட்டில் விழுந்தது மஞ்சள் தண்ணீர். குடித்துப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

"நீங்க ருசி பாக்க ஆரம்பிச்ச ரெண்டாம் நாள்லருந்து. மொத நாள் பெரிய பானைதான். நீங்க மூஞ்சியச் சுளிச்சீங்க. சமையல்காரன் பயந்துட்டான்."

"ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா? தினம் 'நல்லா இருக்கு'ன்னு எழுதினீங்க. சாப்பாடு சரியில்லன்னு கைதிங்க சண்டை போட்டப்பகூட அந்தக் கையெழுத்தத்தான் காட்டினீங்க. மாப்பிள்ளைய ஒண்ணும் பண்ணாதீங்க, அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். எழுதுறதுன்னா என் பேர எழுதுங்க. பென்ஷன நிறுத்துறதுன்னா நிறுத்திக்கோங்க."

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். 'இன்றைய சாப்பாடு மோசம். இத்தனை நாள் ஏமாந்தது நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். வேறு யார் பெயரும் இல்லை.

"சாயங்காலம் வரைக்கும் என் கையெழுத்து செல்லும். இனிமே எந்த அதிகாரியும் வரிசைல கடைசியா நின்னுதான் வாங்கணும்னு உத்தரவு போட்டுடறேன். சரிதானே?"

பூட்டு எழுந்தார். "போடுங்க. சின்னப் பானைய வரிசையோட கடைசிக்கு நகத்திக்குவாங்க."

யாரும் கைதட்டவில்லை. கிழவர் வெளியே வந்ததும் காவலர் வாசலைப் பூட்டினார். அவர் திரும்பி அந்தப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.