முத்திரை வைத்த தொட்டி

லியோன் நகரத்து வைத்தியக் கழகத்தின் மூன்று கனவான்கள் காலையிலேயே வந்து, தொட்டியின் மூடியில் சிவப்பு அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். தொட்டி வைத்தியத்தைப் பற்றிய விசாரணை முடியும்வரை யாரும் தொடக் கூடாதாம். பெர்னார்தின் அவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பி, ஒருவர் மறந்துவிட்டுப்போன தொப்பியையும் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குப் பயம் துளியும் இல்லை.

பயந்தது அவள் தம்பி டாக்டர் அன்செல்ம்தான். கிரகங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஓட்டம் ஒன்று மனித உடம்புக்குள் பாய்கிறது, அது அடைபட்டால் நோய், திறந்துவிட்டால் சுகம் என்பது அவன் சித்தாந்தம். அந்த ஓட்டத்தைக் கையால் தடவித் தடவித் தண்ணீர்ப் புட்டிகளில் ஏற்றி, மரத்தொட்டிக்குள் அடுக்கி வைப்பான். மூடியிலிருந்து நீளும் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நோயாளிகள் சுற்றி உட்காருவார்கள். அவன் பேசப் பேசச் சிலருக்குக் கண் சொருகிவிடும். அந்தத் தூக்கத்தில் ஊசி குத்தினாலும் தெரியாது. ஊரில் பாதிப் பேர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், மீதிப் பேர் சிரித்தார்கள்.

நண்பகலில் பட்டு நெய்கிற கிளோதின் வந்தாள். வலது உள்ளங்கை சீழ் வைத்து வீங்கி, சிவந்த தடம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. போன வருடம் இடது கையைக் கீறியபோது வலி தாங்காமல் திமிறினாள். கத்தி தவறி இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. இதுவும் போனால் தறியை மறந்துவிட வேண்டியதுதான். அறுவை செய்ய வந்திருந்த மொரெல், இன்றே கீறாவிட்டால் கையையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். வலி தெரியாமல் இருக்க அன்செல்ம் தூங்கவைக்கட்டும் என்றுதான் அவளை இங்கே வரச்சொல்லியிருந்தார்.

அன்செல்ம் அக்காவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"தொட்டி இல்லாம என்னால ஒண்ணும் முடியாதுக்கா."

"அந்தத் தொட்டியில ஒண்ணுமே இல்லடா."

பிப்ரவரியில் ஆற்று வெள்ளம் நிலவறைக்குள் புகுந்து அவன் தடவி வைத்த புட்டிகளையெல்லாம் உடைத்துவிட்டதைச் சொன்னாள். அவன் காய்ச்சலில் கிடந்ததால் புட்டிகளை அவள்தான் அங்கே இறக்கி வைத்திருந்தாள். மனசு உடைந்துபோவான் என்று, புதுப் புட்டிகளில் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பித் தொட்டிக்குள் அடுக்கிவிட்டாள். அதற்கப்புறமும் பத்தொன்பது பேர் தூங்கியிருந்தார்கள்.

"எல்லாரும் உன் பேச்சுலதான்டா தூங்கினாங்க."

"அப்ப நான் இத்தனை வருஷமா எழுதினதெல்லாம்?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வெளியே அந்தப் பெண் முனகுவது கேட்டது. தம்பியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெர்னார்தின் கூடத்துக்கு வந்து, கிளோதினுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீங்க டாக்டர் இல்லையே மதாம்?"

"இல்லம்மா. மூணு வருஷமா அவர் பின்னாடி நின்னவ. அவர் சொல்றதத்தான் சொல்லப்போறேன். என் கட்டைவிரலப் பாரு. கண்ணு கனக்குதா? கனக்கட்டும், விடு. கை உன்னோடது இல்லன்னு நினைச்சுக்கோ."

கிளோதினின் தலை மெல்லத் தோளில் சாய்ந்தது. மொரெல் அவள் விரலைக் கிள்ளிப் பார்த்தார். அசைவில்லை. கிண்ணம் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். அடுப்படியிலிருந்து அன்செல்ம் வந்தான். பித்தளைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான்.

கத்தி இறங்கியது. சீழும் இரத்தமும் கொப்பளித்ததைப் பார்த்ததும், அதுவரை திடமாகப் பேசிக்கொண்டே இருந்த பெர்னார்தின் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பேச்சு நின்றது. கிளோதினின் இமைகள் துடித்தன, தோள் விறைத்தது. கத்தி இன்னும் உள்ளங்கைக்குள்தான் இருந்தது. மொரெல் தலை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றான் அன்செல்ம், தணிந்த குரலில். "தூங்கு. நான் சொல்றவரைக்கும் தூங்கு."

தோள் தளர்ந்தது. மூச்சு சீரானது. மொரெல் கீறலை முடித்து, கட்டுத்துணி கேட்டார். அன்செல்முக்கு அது காதில் விழவில்லை. எதையும் தடவாமல், கிண்ணத்தை விட்டு இம்மியும் நகராத தன் இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.