தட்டில் செத்த கிருமி

பரிசோதனைக்கூடத் தலைவருக்கு அங்கே எல்லாரும் வைத்திருந்த பெயர் சந்தேகசாமி. மனிதர் காய்ச்சலில் படுத்தபோதும் அவர் சந்தேகம் மட்டும் படுக்கவில்லை.

சிறுநீரில் கிருமி. அது எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துச் சொன்னவள் டெக்னீஷியன். கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகளை அதன்மேல் வைத்தாள். மறுநாள் பார்த்தால் சிப்ரோஃப்ளாக்சசின் பொட்டைச் சுற்றி அகலமாக ஒரு வெற்று வட்டம். அங்கே கிருமி மருந்துக்குக்கூட இல்லை! பெனிசிலின் மாதிரி பூஞ்சையில் விளைந்ததல்ல, ஆலையில் செய்கிற மருந்துதான், ஆனால் வேலையில் சூரன். கிருமி தன் மரபிழையைப் பிரித்து நகலெடுப்பதற்குள் மடக்கிவிடும்.

அப்பேர்ப்பட்ட மாத்திரையை நான்கு நாள் விழுங்கியும் காய்ச்சல் இறங்கக் காணோம்.

"சாம்பிளை மாத்தித் தொலைச்சிட்டியா?" என்று போனில் தாம்தூம் என்று குதித்தார். அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் கையெழுத்துக்காக அவர் வீட்டில் கிடந்தது. மூன்று வருஷம் அவள் மாடாய் உழைத்தது அந்தக் காகிதத்துக்காகத்தான். மறுபடி சோதித்தாள். அதே வட்டம். வந்த கோபத்தில் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

"வாம்மா, மாத்திரை நேரம், இதோ வந்துட்டேன்" என்றாள் அவர் மனைவி. பால் டம்ளரில் நெஞ்செரிச்சலுக்கான வெள்ளை டானிக்கை இரண்டு மூடி ஊற்றிக் கலக்கினாள். "வயித்தைப் புண்ணாக்கிடக் கூடாதுல்ல, மாத்திரையோட சேர்த்தே குடுத்துடுவேன்."

டெக்னீஷியனுக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. "சார், அந்த டானிக்ல என்ன இருக்கு?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? அலுமினியம், மெக்னீஷியம். பால்ல கால்சியம்..." சொல்லிக்கொண்டே வந்தவர், மனைவி நீட்டிய டம்ளரைத் தள்ளிவிட்டார். அவை மூன்றும் மாத்திரையைக் குடலிலேயே கட்டிப்பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இருபது வருஷமாக இதைப் பாடம் நடத்துவதே அவர்தான்.

"அப்போ இந்தப் பொண்ணு மேல தப்பில்லையா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"கேக்கல."

"இல்லங்கறேன்ல! தண்ணியக் கொண்டா, மாத்திரையப் போடணும்."

மனைவி ஒரு கையில் தண்ணீரோடு வந்தாள். மறு கையிலிருந்த, அந்தப் பெண்ணின் வேலைக் காகிதத்தை அவர் மடியில் போட்டாள்.

"முதல்ல கையெழுத்து. அப்புறம் தண்ணி."