வாய்க்குள் அடங்காத வரி

"குழந்தைக்குத் தடுப்பூசியெல்லாம் போட்டாச்சாம்மா?"

நர்ஸ் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். கேட்டுவிட்டு, எழுதுவதற்குப் பேனாவோடு நின்றாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த தங்கை, மடியில் கிடந்த ஐந்து மாதக் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். நீயே சொல்லிவிடு என்பதுபோல ஒரு பார்வை.

"போடலைங்க," என்றாள் தங்கை கடைசியில்.

"ஒண்ணுகூடவா?"

"பொறந்தப்ப ஆஸ்பத்திரியில போட்டது மட்டும்தான். அப்புறம் வேணாம்னு விட்டுட்டோம்."

நர்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள், எழுதியதன் அடியில் ஒரு கோடு போட்டாள், போய்விட்டாள். அவள் திரும்பும்போது டாக்டரோடு வந்தாள். கக்குவான் இருமல் மாதிரி இருக்கிறது, மருந்து ஆரம்பித்துவிடலாம் என்றார் டாக்டர். "இந்த வயசுல இருமலைவிட, இருமி முடிச்சதும் மூச்சு நின்னுபோறதுதான் பயம். கண்ணை எடுக்காம யாராவது பக்கத்துலயே இருங்க. நின்னுச்சுன்னா உடனே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நின்றுவிட்டால் கூப்பிடுங்கள் என்பதை, பஸ் நின்றால் இறங்குங்கள் என்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனாரே என்று அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. பாவம், அவருக்கு அந்த வார்டில் பதினாறு கட்டில்.

காலையிலிருந்து நாலு தடவை வந்துவிட்டது. முதலில் சின்னதாக ஒரு செருமல், பிறகு விடாமல் இருமல். நடுவில் மூச்சை உள்ளே இழுக்க இடமே கிடைப்பதில்லை. முகம் சிவந்து, சிவப்பு கருத்து, கண் பிதுங்கி, ஒரு கட்டத்தில் இருமலும் நின்றுவிடும். எதுவுமே இருக்காது. அக்கா அப்போது தன்னை அறியாமல் தானும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். குழந்தை ஒரு விக்கலோடு காற்றை உள்ளே இழுத்த பிறகுதான் அவளுக்கும் மூச்சு வரும். மூச்சைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் பிழைப்பே மூச்சில்தான் ஓடுகிறது.

அவள் டப்பிங் பேசுகிறவள். பதினோரு வருடமாக ஒரே நடிகைக்குக் குரல் கொடுக்கிறாள். அந்த நடிகைக்கு நம் மொழியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. ஆனால் ஜனங்கள் அந்த அம்மாள் வாயைத் திறந்தால் தேன் ஒழுகுகிறது என்று உருகுவார்கள். ஒழுகிய தேன் முழுக்க இவளுடையது. காய்கறிக் கடையில் இவள் விலை கேட்டால் கடைக்காரர் பரபரப்பாக நிமிர்ந்து பார்ப்பார். எதிரே கைப்பையும் கலைந்த தலையுமாக இவள் நிற்பதைக் கண்டதும் அவர் முகம் தொங்கிப்போகும். அதை வீட்டுக்கு வந்து நடித்துக்காட்டி, தங்கையும் இவளும் வயிறு வலிக்கச் சிரித்த நாட்கள் உண்டு. ஸ்டூடியோவில் இவளுக்கு 'ஒரே டேக்' என்று பெயர். மற்றவர்கள் ஒரு வசனத்துக்கு ஐந்து தடவை பேசும்போது, இவள் திரையில் உதட்டைப் பார்த்தபடியே ஒரே மூச்சில் முடித்துக் கொடுத்துவிடுவாள். அந்தப் பெயரில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

டாக்டர் போனதும் தங்கை மெல்லக் கேட்டாள்.

"உனக்குத் தெரியும்லக்கா?"

"என்னடி?"

"அந்த வீடியோ. ஊசி வேணாம்னு நீ பேசுனியே."

அக்காவுக்குக் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. "நான் எங்கடி பேசினேன்? அந்தம்மா பேசினாங்க."

"உன் குரல்தானேக்கா. அவரு போட்டே ஆகணும்னு நின்னாரு. நான்தான் ஒத்துக்கலை. எங்கக்காவுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு சண்டை போட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடி!"

"கேட்ட மாதிரிதானேக்கா இருந்துச்சு."

அம்மா போனபோது தங்கைக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு காலையில் அவளை எழுப்பியதும், சாப்பிடு என்றதும், பயப்படாதே நான் இருக்கேன் என்றதும் இந்தக் குரல்தான். இந்தக் குரல் சொன்னதை ஒருநாளும் அவள் திருப்பிக் கேட்டதில்லை. இது அக்காவுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் இப்போது தங்கை முகத்தைப் பார்க்காமல், காலியாக இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

அவளுக்கு அந்த மத்தியானம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது. நாலு மாதத்துக்கு முன்னால். நடிகைக்குக் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தினம் ஒரு வீடியோ. பதினொன்றை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றார்கள். ஆறாவதோ ஏழாவதோ, அதில் இப்படி வந்தது: 'என் குழந்தைக்கு நான் ஊசி போடலை. அம்மா மனசுக்கு எது சரின்னு தெரியும். ஆனா உங்க டாக்டரைக் கேட்காம நீங்க எதையும் நிறுத்தாதீங்க.' நடிகை தன் பாஷையில் கடைசி வரியை நாலே வார்த்தையில், சிரித்துக்கொண்டே வேகமாகச் சொல்லி முடித்து வாயை மூடிவிட்டாள். நம் மொழியில் அது நீண்டது. இரண்டு தடவை முயன்றும் திரையில் வாய் மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை பேச இவளுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"கடைசி வரி உதட்டுல உட்காராதுண்ணே. எடுத்துடலாம்," என்றாள்.

"எடுத்தா உட்காருமா?" என்றார் டப்பிங் பார்க்கிறவர்.

"கச்சிதமா உட்காரும்."

உட்கார்ந்தது. முந்தின வரியைக் கொஞ்சம் இழுத்துப் பேச, 'தெரியும்' என்ற இடத்தில் உதடும் குரலும் ஒட்டிக்கொண்டன. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பதினோரு வருடத்தில் எத்தனையோ வசனத்தின் வாலை இவள் இப்படி நறுக்கியிருக்கிறாள். அதெல்லாம் காதல் வசனம், அழுகை வசனம். நறுக்கினால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. உதட்டைப் பார்க்கிறவளுக்கு அர்த்தத்தைப் பார்க்க நேரம் ஏது?

இதைத் தங்கையிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லக் கூடாது என்றும் தோன்றியது. குழந்தை பிழைத்து எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம். எழாவிட்டால்? அந்த எண்ணத்தை முழுசாக நினைக்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலிலும் ஒரு கைக்குழந்தை, அதே இருமலோடு. அதன் அக்கா, இரண்டு வயதுப் பெண், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து காலி மருந்துப் பெட்டியைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தாள். நர்ஸ் அந்தக் குழந்தைகளின் தாயிடம் வந்தாள்.

"பெரியவளுக்கும் ஊசி பாக்கியிருக்கு. கூடவே படுத்து எழுந்திரிச்சிருக்கா. கூட்டிட்டு வாங்க, கீழ ஊசி ரூம் மூணு மணி வரைக்கும்தான்."

"வேணாம் சிஸ்டர்."

"ஏம்மா? சின்னது படுற பாட்டைப் பார்த்துமா?"

"அந்த நடிகையே அவங்க குழந்தைக்குப் போடலையாம். அவங்களுக்குக் கிடைக்காத டாக்டரா? நான் ஒண்ணும் சும்மா சொல்லலை, நீங்களே கேளுங்க." அந்தத் தாய் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துத் தட்டினாள்.

வார்டில் அக்காவின் குரல் கேட்டது. இனிமையாக, அவசரமே இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதுகிற குரல். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா வாயைத் திறந்தால் இந்தத் தாய்க்குத் தெரிந்துவிடும், வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். யாராவது படம் பிடிப்பார்கள், வேலை போகும், வீட்டு வாசலில் கூட்டம் கூடும். அக்கா பாட்டிலை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். 'அம்மா மனசுக்கு எது சரின்னு தெரியும்' என்று முடித்துவிட்டுக் குரல் நின்றது. கட்டிலின் கால்மாட்டில் அந்தப் பெண் பெட்டியை இன்னொரு முறை மூடினாள். பிறகு, சின்னதாகச் செருமினாள்.

"அதுல இன்னொரு வரி இருந்துச்சு."

பேசியது தான்தான் என்று அக்காவுக்கே ஒரு கணம் தாமதமாகத்தான் உறைத்தது. அந்தத் தாய் கையிலிருந்த போனைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"உங்க டாக்டரைக் கேட்காம நீங்க எதையும் நிறுத்தாதீங்கன்னு ஒரு வரி. அந்தம்மா சொன்னாங்க. நான்தான் பேசாம விட்டுட்டேன்."

"நீங்களா?" அந்தத் தாய்க்கு நம்ப முடியவில்லை. ஆனால் காது நம்பிவிட்டது, முகம் வெளுத்தது. "ஏங்க? ஏன் விட்டீங்க?"

அக்கா யோசித்தாள். கௌரவமான பதில் ஒன்றுகூட இல்லை.

"வாய்க்குள்ள அடங்கலைங்க."

அந்தத் தாய் இவளை அடித்துவிடுவாள் போலத்தான் இருந்தது. அடிக்கவில்லை. பெரிய பெண்ணை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு நர்ஸை நிறுத்திவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் படியை நோக்கி ஓடினாள்.

தங்கை இன்னும் திரும்பவில்லை. குழந்தையின் முதுகில் அவள் கை நின்றுபோயிருந்தது.

"அந்த வரி இருந்திருந்தா நான் கேட்டிருப்பேன்க்கா," என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். "நீ சொல்லி நான் எதைக் கேட்கலை?"

"அடியேய்..."

"பேசாதக்கா. கொஞ்ச நேரம் வெளிய இரு. உன் குரலைக் கேட்டா எனக்கு என்னமோ பண்ணுது."

அக்கா எழுந்தாள். வார்டின் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் தானாகவே மூடிக்கொண்டது. தாழ்வாரத்தில் ஒரு நீண்ட பெஞ்சு இருந்தது. அதில் உட்காரத் தோன்றாமல் கதவோடு ஒட்டி நின்றாள். கதவில் முகம் உயரத்துக்கு ஒரு சதுரக் கண்ணாடி. அதன் வழியே தங்கையின் முதுகு மட்டும் தெரிந்தது. குழந்தை தெரியவில்லை.

திடீரென்று அந்த முதுகு குனிந்தது. தங்கை எழுந்து நின்றாள். குழந்தையைத் தோளில் போட்டாள், உடனே இறக்கினாள், கழுத்தைத் திருப்பி யாரையோ கூப்பிட்டாள். நர்ஸ் ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி ஆக்சிஜன் குழாயை இழுத்துக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் கட்டிலைச் சுற்றிக்கொண்டார்கள். அவர்கள் என்ன பேசுகிறார்கள், குழந்தை இருமுகிறதா, இருமி முடித்துவிட்டதா, ஒன்றும் கேட்கவில்லை. தங்கையின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அக்கா கண்ணாடியில் காதை வைத்தாள். கண்ணாடி ஜில்லென்று இருந்தது.