மூன்றாவது அலசல்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் அந்தச் சலவைக் கூடத்தில், ஒவ்வொரு சுமையும் ஒருமுறை கழுவப்பட்டு மூன்று முறை அலசப்பட்டது. ஏன் மூன்று? கேட்டவர் இல்லை. கேள்வி கேளாத வழக்கம் சட்டமாகும். சட்டமான வழக்கம் மனிதன் தலையில் ஏறி உட்காரும். பத்து ஆண்டுகளாக அப்படி உட்கார்ந்திருந்தது மூன்றாவது அலசல்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி வாசலிலேயே நின்று சொன்னார்: "ஏரி வத்திடுச்சாம். திங்கக்கிழமையிலருந்து பாதித் தண்ணிதான் விடுவாங்க. மத்தியான ஷிப்டை நிறுத்த வேண்டியதுதான்."

மத்தியான ஷிப்டில் பன்னிரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தி, காலை ஷிப்டின் மேற்பார்வைக்காரிக்கு உடன்பிறந்த தங்கை; கால் முறிந்து கட்டிலில் கிடக்கும் கணவனுக்கும் சேர்த்து உழைப்பவள்.

"நாளைச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. பாதித் தண்ணியிலயே ரெண்டு ஷிப்டையும் ஓட்டிக் காட்டுறேன்" என்றாள் மேற்பார்வைக்காரி.

"எப்படிம்மா?"

"அது எனக்கே இன்னும் தெரியலைங்க."

முதலாளி போனதும் அவள் நேரே இயந்திரக்காரரிடம் சென்றாள். மூன்றாவது அலசலை ஏற்படுத்தியவரே அவர்தாம்.

"அண்ணே, ரெண்டு அலசலோட நிறுத்திப் பாப்போமா?"

"அதுல மட்டும் கை வைக்காதேம்மா. அப்பல்லாம் சோப்புத் தூள் துணியிலயே தங்கிடும். நோயாளிங்க முதுகெல்லாம் தடிச்சுப் போய், ஆஸ்பத்திரிக்காரங்க நம்மளக் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டாங்க. அப்புறம்தான் மூணு."

"அந்தத் தூள் இப்ப எங்க?"

"அது ஒழிஞ்சு ஆறு வருஷமாச்சு. இப்பத்தான் தண்ணி சோப்பு வருதே."

"நோய் போயிடுச்சு, பத்தியம் மட்டும் எதுக்குண்ணே?"

அவர் முறைத்தார்; ஆயினும் ஒரு சுமையை இரண்டு அலசலோடு நிறுத்தினார். அவள் விரிப்பைப் பிழிந்து, வந்த நீரில் சோதனை மருந்தை ஒரு சொட்டு விட்டாள். சோப்பின் காரம் மிஞ்சியிருந்தால் சிவக்கும் மருந்து அது. நீர் பளிச்சென்று சிவந்தது.

"ஊரைத் திருத்தப் பொறப்பட்டியே. மொதல்ல துணியைத் திருத்தும்மா" என்றார் இயந்திரக்காரர். இஸ்திரி மேசையருகே சிரிப்பு எழுந்தது.

அவளுக்கு முகம் சுண்டியது. தோற்றது தான் மட்டுமன்று, பன்னிரண்டு வீட்டு அடுப்பும் என்று உணர்ந்தாள். ஆனால் அழுவதற்கு நேரமில்லை. அடுத்த சுமைக்கு அவர் சோப்பு ஊற்றுவதைக் கூர்ந்து நோக்கினாள். ஒரு குவளை, அதன்மேல் இன்னொரு குவளை.

"ரெண்டு எதுக்குண்ணே?"

"எப்பவும் ரெண்டுதான்."

அவள் கேனைத் திருப்பி, ஒட்டியிருந்த தாளை வரிவரியாகப் படித்தாள். இந்த அளவுச் சுமைக்கு அரைக் குவளையே போதும் என்றிருந்தது. தூளுக்கு அளந்த கை, தூள் மறைந்த பின்னும் அதே அளவை அளந்துகொண்டிருந்தது. நான்கு மடங்கு சோப்பைக் கொட்டுவது; பின்பு அதைப் போக்க ஏரியைக் கொட்டுவது! அறியாமைக்கு வழக்கத்தைவிட நல்ல பணியாள் வாய்ப்பானா?

"இதைப் படிச்சதே இல்லையாண்ணே?"

"கேன்ல எழுதினதை எவன் படிப்பான்?" என்றவர், சற்று நேரம் தாடையைத் தேய்த்தார். பின்பு தாமே அரைக் குவளை அளந்தார்.

இம்முறை இரண்டு அலசலில் நீர் சிவக்கவில்லை. சனிக்கிழமையும் ஆறு சுமைகளைச் சோதித்தார்கள், ஒன்றும் சிவக்கவில்லை. ஆயினும் கணக்கு உதைத்தது. சுமைக்கு நான்கு தொட்டித் தண்ணீர் மூன்றாகியிருந்தது, வேண்டியதோ இரண்டு.

வடிகாலருகே குந்தியிருந்த இயந்திரக்காரர் ஒரு கை நீரை அள்ளிப் பார்த்தார்.

"கடைசி அலசல் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. இதைப் போய் சாக்கடைக்குத் தாரை வாக்குறோமே. ஒரு பீப்பாயில பிடிச்சு, அடுத்த சுமையைக் கழுவ விட்டா என்ன? வெதுவெதுப்பு வேற இருக்கு, கொதிகலனுக்கும் எரிபொருள் மிச்சம்."

"அண்ணே, இதை நேத்தே சொல்லியிருக்கலாமே."

"நேத்து நான் உன்மேல கோவமா இருந்தேன்ல."

மாலைக்குள் குழாய் பொருத்தினார்; சுமைக்கு இரண்டு தொட்டியே செலவாயிற்று. முதலாளி வந்து, சொட்டு மருந்தைத் தம் கையாலேயே விட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஷிப்டும் ஓடட்டும்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை பாதித் தண்ணீரே வந்தது. மத்தியானம் பன்னிரண்டு பெண்களும் வந்தார்கள். தங்கை முன்கச்சையைக் கட்டிக்கொண்டே இயந்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? மூணாவது அலசல் நேரத்துல இனிமே என்னண்ணே பண்ணுவீங்க?"

இயந்திரக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளுப்பு மருந்து டப்பாவை மடியில் வைத்துத் திருப்பினார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கப் போறேம்மா."