பள்ளத்துத் தெருத் தண்ணீர்

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்கு மேற்பார்வையாளர் என்று பதவி. வெளியே பாதிப் பேருக்கு அவள் 'வால்வு அக்கா'. எந்தத் தெருவுக்கு எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதெல்லாம் அவள் பொறுப்பு என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். தண்ணீர் ஒழுங்காக வருகிற நாளில் அவளை யாரும் நினைப்பதில்லை. வராத நாளில் அவளைத் திட்டாத வாய் கிடையாது. இத்தனை வருஷத்தில் அது அவளுக்குப் பழகிவிட்டது.

பழகாதது பள்ளத்துத் தெரு. தண்ணீர் வராமல் போனால் சமாளித்துவிடலாம். அங்கே தண்ணீர் நாறியது. குழாயைத் திறந்ததும் சாக்கடை வாடையோடு கலங்கலாகக் கொட்டும். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். தெளிந்த பிறகு பிடித்தாலும் குழந்தைகளுக்கு வயிற்றைக் கலக்கியது. மூலை வீட்டுத் தையல்காரியின் மகளுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அவள் செய்யாதது ஒன்றுமில்லை. தொட்டிக்கு ஏற்றுகிற கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தாள், சுத்தம். மேல்நிலைத் தொட்டியைக் கழுவ வைத்தாள். பாட்டில் பாட்டிலாகப் பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயைத் தோண்டி எடுத்து, துருப்பிடித்த இணைப்பு ஒன்றை மாற்றினாள். தெரு நடுவில் குழி விழுந்ததுதான் மிச்சம். ரெண்டு நாள் நல்ல தண்ணீர் வந்தது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி என்கிற மாதிரி அதே நாற்றம்.

இவ்வளவிலும் கூடவே இருந்தவன் ரேடியோ. அலுவலகத்தில் குழாய் மாட்டும் பிட்டர். வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்பதால் அந்தப் பெயர். குழிக்குள் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டும் மாமியார் வீட்டுச் சண்டையைக் கதையாகச் சொல்லுவான். அவளுக்கு உள்ளூர அது ஆறுதல். அவன் பேசும்போது அவள் பேச வேண்டியதில்லை.

அன்று காலை தையல்காரி வாசலில் ஒரு குடத்தோடு நின்றிருந்தாள்.

"வாங்க. இதுல சோதனை பண்ணிப் பாருங்க."

அவள் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை ஊற்றி மருந்தைச் சொட்டு விட்டாள். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். குப்பி அப்படியே வெளுப்பாக நின்றது. தொட்டியிலிருந்து புறப்படும்போது இருந்த குளோரினை வழியில் ஏதோ அழுக்கு தின்றுவிட்டிருந்தது.

"குடிக்காதீங்க. லாரித் தண்ணி வரும், அதையே பிடிங்க."

"லாரி போன தடவையும் வரும்னுதான் சொன்னீங்க. நாங்க என்ன, காத்தையா குடிக்கிறது?"

ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளையைப் பற்றிக் கேட்க நினைத்து, கேட்கிற தகுதி தனக்கு இருக்கிறதா என்று தோன்றி, குப்பியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

இஞ்சினியர் மேஜை மேல் வயிற்று எரிச்சல் மாத்திரை அட்டை கிடந்தது. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலேயிருந்து இடி விழுந்துகொண்டிருந்தது.

"லைன் பூராத்தையும் மாத்தணும்னா வருஷக்கணக்காகும்மா. எங்கயோ ஒரு ஓட்டைதான். எப்படியாவது கண்டுபிடிங்க."

"தண்ணி ஓடுறப்ப எந்த ஓட்டையிலயும் அழுக்கு உள்ள வராது சார், வெளியதான் பீச்சும். நிறுத்தின பிறகுதான் ஏதோ நடக்குது. இவ்வளவு நாளா ஓடுற நேரத்துலயே தேடிட்டு இருந்துட்டேன்."

"அப்ப நிறுத்திட்டுப் பாருங்க."

மறுநாள் தண்ணீர் விட்டு முடிந்ததும் தெருமுனை வால்வை மூடச் சொன்னாள். தெருவின் தாழ்ந்த கோடியில் குழாயைக் கழுவிவிடுவதற்கென்று ஒரு வாய் உண்டு. அதைத் திறந்துவிட்டு எதிரே இருந்த கட்டைச் சுவரில் உட்கார்ந்தாள். குழாயில் தங்கிய தண்ணீர் கொட்டித் தீர்ந்து, நூலாக ஒழுகி, நின்றது. ரேடியோ தன் மச்சான் மோட்டார் சைக்கிள் வாங்கிய கதையில் இருந்தான். இனி இது வறண்டுதான் கிடக்க வேண்டும்.

வெயில் ஏறியது. அவளுக்குக் கண் சொருகிக்கொண்டு வந்த நேரத்தில் குழாய் வாயில் ஒரு கொப்பளிப்பு கேட்டது. பிறகு தண்ணீர் வந்தது. ஒழுகலாக வரவில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல விட்டு விட்டுத் துப்பியது. வாடை மூக்கைத் துளைத்தது.

"வால்வை மூடிட்டதானே?"

"மூடியாச்சுக்கா."

"அப்ப இது யாரு விடுற தண்ணி?"

ரேடியோ குனிந்து ஸ்பேனரைத் துடைத்தான். மச்சான் கதையும் பாதியில் நின்றது. அவள் அதை அப்போது கவனிக்கவில்லை. மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டு மோட்டார்கள் குழாயிலிருந்து இழுக்கும், தள்ளாது. தள்ளுவதென்றால் சொந்தமாக போர்வெல் இருக்க வேண்டும். அந்தக் குழாயையும் அலுவலகக் குழாயையும் யாரோ ஒன்றாகச் சேர்த்திருக்க வேண்டும். இந்தத் தெருவின் நிலத்தடி நீர் சாக்கடைக்குச் சித்தப்பா பிள்ளை. துணி அலசலாம், குடித்தால் படுக்கைதான்.

போர்வெல் இருந்த இடங்கள் தெருவில் கொஞ்சம்தான். பள்ளிக்கூடத்து போர் தூர்ந்து பல காலம். தங்கும் விடுதியில் குழாய்களைச் சுவரோடு தடவிப் பார்த்தாள், தனித்தனியாகவே போயின. விடுதியை விட்டு வெளியே வந்ததும் ரேடியோ சொன்னான்:

"இன்னிக்குப் போதும்கா. வெயில் மண்டையப் பொளக்குது."

வெயிலுக்கும் மழைக்கும் அசராதவன். அவள் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்தான்.

பாக்கி இருந்தது ஒன்றுதான். அவள் தம்பியின் சலவைக் கடை.

மாடியில் வீடு, கீழே கடை. அம்மா தம்பியோடுதான் இருந்தாள். போன வாரம்கூட போனில், "உன் தண்ணி நாறுதுடி, நாங்க கேன் வாங்கித்தான் குடிக்கிறோம்," என்று சொல்லி வைத்தாள். கடைக்குள் ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. இரண்டு பெரிய மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தம்பி இஸ்திரி மேஜையிலிருந்து நிமிர்ந்தான்.

"என்னக்கா, இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

"மோட்டார் ஓடுதா?"

"ஓடுது. ஏன்?"

அவள் மெஷின்களுக்குப் பின்னால் போனாள். ஈரச் சுவரில் இரண்டு குழாய்கள். நடுவே ஒரு குறுக்குக் குழாய், அதில் ஒரு வால்வு. மூடித்தான் இருந்தது. ஆனால் கையை வைத்தபோது குழாய் அதிர்ந்தது. உள்ளே வாஷர் தேய்ந்து, போர்த் தண்ணீர் அலுவலகக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. இணைப்பில் சுற்றிய வெள்ளை நாடா இன்னும் அழுக்கேறவில்லை; போட்டு அதிக நாள் ஆகவில்லை.

"இது என்னடா?"

"போர்ல தண்ணி கம்மியானா உங்க லைன்லேர்ந்து எடுத்துக்கலாம்னு போட்டது. மூடித்தானே வெச்சிருக்கேன்."

"யாரு போட்டுக் கொடுத்தது?"

தம்பி அவளைத் தாண்டிப் பார்த்தான். அவள் திரும்பினாள். ரேடியோ மூட்டைகளுக்கு நடுவில், ஓட இடம் தெரியாதவன் போல நின்றிருந்தான்.

"உன் ஆள்தான்க்கா," என்றான் தம்பி.

"லீவு நாள்ல வந்து போட்டேன்க்கா," என்றான் ரேடியோ. "அக்காகிட்ட சொல்லியாச்சுன்னு தம்பி சொன்னாரு. அதான் போட்டேன்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை.

"அது இருக்கட்டும்," என்றாள் ரேடியோவிடம். "தெருவே நாறுது, என்கூட குழிக்குள்ள நின்னு தோண்டினியே. அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்க்கா."

"என்ன தெரியும்னு?"

"தெரிஞ்சேதான் தேடுறீங்கன்னு. தம்பி கடையாச்சே, அதை மட்டும் விட்டுட்டு மத்த இடமெல்லாம் தோண்டுறீங்கன்னு நினைச்சேன். நீங்களே வாயத் திறக்கலை, நான் எப்படித் திறக்கிறது?"

அவள் ஒரு விரிப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வாரமும் இவன் கண்ணில் அவள் நாடகம் போடுகிறவளாக இருந்திருக்கிறாள். அப்படி நினைத்துக்கொண்டே சேற்றில் இறங்கியிருக்கிறான், கதை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறான், அவள் டப்பாவிலிருந்து சாப்பிட்டிருக்கிறான். அது விசுவாசமா, இவளும் இப்படித்தான் என்ற இளக்காரமா? எது என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

தம்பி மெஷின்களை நிறுத்திவிட்டு அருகே வந்து குந்தினான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வருவானே, அந்த முகம்.

"அக்கா, தப்புதான். இப்பவே கழட்டிடுறேன். தண்ணி சரியாயிடும். நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும், இதோட போகட்டும். ஆஸ்பத்திரித் துணி அவ்வளவும் நாளைக்குப் போகணும். கனெக்‌ஷனை வெட்டினா அந்த வேலையே போயிடும்."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. கழற்றினால் தண்ணீர் சரியாகிவிடும். யாரும் கேட்கப் போவதில்லை. பழைய இணைப்புதான் காரணம் என்று ஏற்கெனவே பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அசதியாக இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

"அந்தத் தையல்காரம்மா பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்குது, தெரியுமா உனக்கு?"

"கேள்விப்பட்டேன்."

"கேள்விப்பட்டு?"

அவள் எழுந்து கையை நீட்டினாள். ரேடியோ சொல்லாமலே ஸ்பேனரைக் கொடுத்தான். குறுக்குக் குழாயை அவளே கழற்றினாள். அலுவலகக் குழாயை அடைத்து முத்திரைக் கம்பியைச் சுற்றினாள். அங்கேயே நின்றபடி இஞ்சினியருக்கு போன் போட்டாள்.

"கிடைச்சிருச்சு சார். சலவைக் கடை. என் தம்பி கடை."

அந்தப் பக்கம் மாத்திரை அட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது. "ரிப்போர்ட்டை வேற யாரையாவது எழுதச் சொல்லட்டுமா?"

"நானே எழுதுறேன் சார். தண்ணி மாதிரி எடுக்க மட்டும் வேற ஆளை அனுப்புங்க. நான் எடுத்தா நாளைக்கு ஒரு பேச்சு வரும்."

அதற்குள் சத்தம் கேட்டு அம்மா பாதிப் படி இறங்கியிருந்தாள். "கூடப் பிறந்தவன் பொழைப்புல மண்ணள்ளிப் போடவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்றாள். அவள் ஸ்பேனரை ரேடியோவிடம் நீட்டினாள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

வெளியே வந்ததும் ரேடியோ கேட்டான். "என் பேரையும் எழுதுவீங்களாக்கா?"

"எழுதணும்ப்பா. எனக்குத் தெரியும்னு நம்பித்தான் நீ போட்டேன்னும் சேர்த்து எழுதுவேன். அதுக்கு மேல என்னால முடியாது."

"அது போதும்கா," என்றான். நிஜமாகவே போதும் என்பது போல நடந்தான்.

விசாரணை வந்தது. உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதா என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது பொய் மாதிரி கேட்க ஆரம்பித்தது. ரேடியோவைத் தெரு வேலையிலிருந்து எடுத்துப் பம்ப் ஹவுஸில் போட்டார்கள். வேலை போகவில்லை. இஞ்சினியர் அதற்காக யாரிடமோ மன்றாடியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. போர்வெல் உள்ள கட்டடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. பார்க்கும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. இன்னும் சில இடங்களில் அதே மாதிரிக் குறுக்குக் குழாய்கள் கிடைத்தன. ஒவ்வொரு வீட்டிலும், "நாங்க மூடித்தான் வெச்சிருக்கோம்," என்றார்கள்.

வீட்டில் கணவன் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், "வந்ததும் குழாயத் திறந்து மோந்து பார்க்காம, கையக் கழுவிட்டு உக்காரு," என்றான். அவள் சிரித்ததைப் பார்த்து, சோற்றை அவனே போட்டு வைத்தான்.

பள்ளத்துத் தெருவில் தண்ணீர் தெளிந்தது. முதல் தண்ணீரிலேயே குப்பி மஞ்சளானது. தையல்காரியின் மகள் வீடு வந்து சேர்ந்திருந்தாள். மெலிந்த கைகளால் தையல் மெஷின் சக்கரத்தைச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"உங்க தம்பியாமே," என்றாள் தையல்காரி.

"ஆமா. எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நம்புவீங்களா?"

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நம்பாம என்ன. நீங்கதானே வெட்டிவிட்டீங்க. ஆனாலும் உங்களைப் பார்த்தா கேக்கணும்னு தோணுது. அது கொஞ்ச நாளைக்கு இருக்கும்."

"இருக்கட்டும்," என்றாள் அவள்.

கடை பல நாள் பூட்டியே கிடந்தது. ஆஸ்பத்திரி வேலை கைமாறிப் போனது. தம்பி போன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை. பிறகு ஒருநாள் அவன் பெயரில் மறு இணைப்புக்கு விண்ணப்பம் வந்தது. குழாய்களைப் பார்த்துச் சரி சொல்ல ஆள் போக வேண்டும். சொந்தக்காரர் இடம் என்பதால் இஞ்சினியரே வந்தார். அவளைச் சும்மா கூட வரச் சொன்னார்.

போர்க் குழாய்க்குத் தனிச் சுவர், தனித் தொட்டி. இஞ்சினியர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டு, போன் பேசுகிற சாக்கில் வெளியே போனார். அக்காவும் தம்பியும் மெஷின்களுக்கு நடுவில் நின்றார்கள். மெஷின்கள் இரண்டும் ஓடவில்லை.

"இனிமே உன் பேரச் சொல்ல மாட்டேன்," என்றான் அவன்.

"சொல்லாதே."

"ரேடியோவையும் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். ரெண்டு மணி நேரம் பேசியே கொன்னுட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முழுசாக வரவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பாதம் வீங்கியிருந்தது.

"மேல வாக்கா. அம்மா காலையிலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கு. கேட்டா இல்லைன்னும்."

"கால் வலிக்குதுடா. மாடியெல்லாம் என்னால ஏற முடியாது. வேணும்னா அவளை இறங்கி வரச் சொல்லு."

அவன் படிக்குப் போய்க் குரல் கொடுத்தான். கொஞ்சம் பொறுத்து மேலே ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. முழங்கால் வலியையும் பெற்ற பிள்ளைகளையும் சேர்த்து முணுமுணுத்தபடி, அம்மா ஒவ்வொரு படியாக இறங்கி வர ஆரம்பித்தாள்.