குழாய்க்குப் போட்ட பூட்டு

நெடுஞ்சாலை வளைவில் முதலில் வந்தது கடை அல்ல, தண்ணீர்க் குழாய். கடைக்காரர் தன் கிணற்றிலிருந்து ரோட்டோரம் வரை குழாய் இழுத்துவிட்டார். இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற லாரிகள் நின்றன. இறங்கியவர்கள் டீ கேட்டார்கள். பிறகு சோப்பு, ஆணி, மண்ணெண்ணெய், காய்ச்சல் மாத்திரை. ஐந்தாறு வருடத்தில் சுற்றுவட்டாரத்துக்கே அதுதான் கடை என்றானது. மதியப் பேருந்தும் அங்கே கால் மணி நேரம் நின்று போனது.

அவர் மாரடைப்பில் போனபின் மனைவி கல்லாவில் உட்கார்ந்தாள். ஒண்டியாளாக மூட்டை இறக்கி, அடுப்பைப் பார்த்து, இடுப்பு ஒடிந்தது. பேருந்தில் வந்தவர்கள் முகம் கழுவி, பாட்டிலை நிரப்பிக்கொண்டு, ஒரு மிட்டாய்கூட வாங்காமல் ஏறிப் போவார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு கோடையில் குழாயைப் பூட்டிவிட்டாள்.

மறுநாளே பேருந்து கொதிக்கும் இன்ஜினோடு வந்து நின்றது. டிரைவர் அவள் கணவருக்குத் தம்பி மாதிரி. குடத்தோடு போனவர் பூட்டைப் பார்த்துத் திரும்பி வந்து சாவி கேட்டார்.

"சாமான் வாங்குறவங்களுக்குத்தான் தண்ணி," என்றாள், வண்டி முழுக்கக் கேட்கும்படி.

டிரைவர் ஒரு தீப்பெட்டி வாங்கினார். அவர் பீடி குடிப்பவர்கூட இல்லை.

அடுத்த நாளிலிருந்து பேருந்து மூன்று மைல் தள்ளிப் புதிய பெட்ரோல் பங்கில் நின்றது. லாரிக்காரர்களுக்கும் சேதி போயிற்று. ஒரே வாரத்தில் பூட்டைக் கழற்றி, தண்ணீர் இலவசம் என்று பலகையும் மாட்டினாள். படிக்கத்தான் யாரும் நிற்கவில்லை. பங்குக்குப் போய் டிரைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் என்று தெரியும். நாமாகப் போய் நிற்பதா என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டாள்.

அவர் ஓய்வுபெற்று வீட்டோடு இருப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டு பேருந்து மாறிப் போனாள். டிரைவரின் மனைவி நாற்காலி போட்டு, காபி கொடுத்தாள்.

"அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது தம்பி."

"கோபமெல்லாம் இல்லக்கா. அத்தனை பேர் முன்னாடி அசிங்கமாப் போச்சு, அவ்வளவுதான். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே நிறுத்தியிருப்பேன். உங்க வாய்லருந்து வரட்டும்னு நானும் வீம்பா இருந்துட்டேன்."

அவள் பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்தாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்து, கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டார்.

"ஏதோ ஓடுது," என்றாள். கடையை இழுத்துப் பூட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது.