சுவரில் விழுந்த வெளிச்சம்

மழைமூட்டப் பிற்பகலில், டெண்டர் விலை கசிந்த வழியைக் கண்டுபிடிக்க வந்த நிபுணர் அலுவலக விளக்குகளை அணைக்கச் சொன்னார். எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் அவருடைய ஆள் ஒரு நீளத் தொலைநோக்கிக் குழாயை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். கணினித் திரையின் ஒளி சுவரில் பட்டுத் தெறிக்கிறது, அந்தத் துடிப்பைப் பிடித்தால் திரையில் இருப்பதைப் படித்துவிடலாம் என்றார். சற்று நேரத்தில் அவருடைய மடிக்கணினியில் கலங்கலாகச் சில எழுத்துகள் எழுந்தன. மேனேஜர் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார். டெண்டர் கைநழுவிப் போனதிலிருந்து அவர் இவ்வளவு நிம்மதியாக மூச்சுவிட்டு யாரும் பார்த்ததில்லை.

எல்லோரும் ஜன்னலக்காவைப் பார்த்தார்கள். ஜன்னலோரம் இருந்தது அவள் மேஜை ஒன்றுதான். டெண்டர் விலையைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். பார்வை மங்கலென்று திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருப்பாள். இன்றைக்கு அது குற்றமாயிற்று.

விலை வெளியே போன வழி தெரியாதவர் அந்த அறையில் நிபுணர் ஒருவர்தான். போட்டிக் கம்பெனி இருப்பது இதே கட்டடத்தில், கீழ்த்தளத்தில். மேனேஜருக்கோ ரகசியம் பேசும்போதுதான் தொண்டை நன்றாகத் திறக்கும். டெண்டர் போடுவதற்கு முந்தின நாள் படிக்கட்டில் நின்று முதலாளிக்குப் போனில் விலையை இலக்கம் இலக்கமாக ஒப்பித்தார், தப்பாகிவிடக் கூடாதென்று இன்னொரு தடவையும்.

"நீங்க வேணும்னு செஞ்சீங்கன்னு யாரும் சொல்லலம்மா," என்றார் மேனேஜர். "கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துட்டு நீங்களே வேலையை விட்டுடுங்க. கௌரவமா இருக்கும்."

பக்கத்து மேஜைக் கணக்கர் மெல்லக் குனிந்தார். "எழுதிக் குடுத்துடுங்கக்கா. அவரைப் பகைச்சுக்கிட்டு நாங்க இங்க குப்பை கொட்ட முடியுமா?"

அவள் எழுந்தாள். "படிக்கட்டுல நீங்க ஒப்பிச்சது எனக்கு இங்க கேட்டுச்சு சார். கீழ அவங்க கதவு திறந்துதான் இருந்துச்சு."

மேனேஜர் கொஞ்சமும் அசையாமல் நிபுணரிடம் திரும்பினார். "சத்தம் வழியாக்கூட போகுமா சார்?"

"அதுக்குத் தனியா ஆய்வு பண்ணணும். செலவு வேற."

"அப்ப வேணாம்," என்ற மேனேஜர், ஜன்னலை மூடச் சொன்னார். பியூன் கறுப்புத் துணியை இழுத்துவிட்டான். இருட்டில் அவரவர் திரை வெளிச்சத்தில் முகங்கள் மட்டும் மிதந்தன.

"நீங்க எல்லாரும் கேட்டீங்கதானே?" என்றாள்.

கணக்கர் தன் திரையின் வெளிச்சத்தை ஒரு படி குறைத்தார். பிறகு இன்னொரு படி. அவர் முகம் மறையும்வரை குறைத்துக்கொண்டே போனார். அடுத்த மேஜையிலும் ஒரு முகம் மங்கத் தொடங்கியது.